அலுமினியம் வேலைக்கு வீட்டில் என்னென்ன டூல் வாங்கலாம்?

மாடிப்பட்டறை:
மொட்டை மாடியில் செடி வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்யப் போகிறேன். 25 மிமீ சதுர பைப், சுவர் 1.2 மிமீ கனம், கூடவே 3 மிமீ எல் ஆங்கிள். கையில் இருப்பது 4 இன்ச் கிரைண்டரும் ஒரு சாதாரண ஹேண்ட் டிரில்லும்தான். நேற்று கிரைண்டரில் இரும்பு வெட்டுகிற வீலைப் போட்டு ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன், வெட்டவே மாட்டேன் என்கிறது, ஓரமெல்லாம் உருகிப் பிசிறு பிசிறாக நிற்கிறது. கோணம் வைத்து வெட்டும் மைட்டர் சா மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா? வெல்டிங்கும் செய்யலாமா?

அரம்பிடித்தவன்:
முதலில் அந்த வீலைக் கழற்றி வையுங்கள். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், மென்மையான உலோகம் வேறு, அதனால் வீலின் துகள்களுக்கு நடுவே போய் அப்பிக்கொள்ளும். அப்புறம் வீல் வெட்டாது, தேய்த்துச் சூடு மட்டும் ஏற்றும், ஒருகட்டத்தில் உடைந்து தெறிக்கவும் செய்யலாம். அதற்குப் பதிலாக மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. பல் உலோகத்தில் சிக்கிக்கொண்டால் மெஷின் கையை உதறிவிட்டு உங்கள் மேலேயே பாயும்.

ஒரு ஸ்டாண்டுக்கு ஹேக்சா, அதாவது உலோகம் அறுக்கும் கை ரம்பம் போதும், உண்மையாகவே போதும். பிளேடு எடுக்கும்போது பல் கணக்கைப் பாருங்கள்: உலோகத்தின் கனத்துக்குள் கூடியவரை மூன்று பல் இருக்க வேண்டும். 3 மிமீ ஆங்கிளுக்கு இன்ச்சுக்கு 24 பல், 1.2 மிமீ பைப்புக்கு 32 பல், அதையும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து அறுத்தால் பல் சிக்காது. பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். பணத்தைப் போட வேண்டிய இடம் வைஸ், பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி. நல்ல கனமான வைஸ் ஒன்று வாங்கி, அதன் வாயில் இரண்டு மரத்துண்டு வைத்து இறுக்கினால் பைப்பில் தழும்பு விழாது.

நட்டுபோல்ட்:
மேலே சொன்னது எல்லாம் சரி. வெட்டிய ஓரத்தைத் தேய்க்கும் அரத்தைப் பற்றி ஒன்று: அலுமினியத் தூள் அரத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டு, அந்தத் துணுக்கே வேலைப்பொருளைக் கீறும். தேய்ப்பதற்கு முன் அரத்தின் மேல் சாக்பீஸை நன்றாகப் பூசுங்கள், அடிக்கடி கம்பி பிரஷ்ஷால் துடையுங்கள்.

வெல்டிங் வேண்டாம். மேலே படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், உள்ளே இருப்பதோ 660-லேயே ஓடிவிடும், 1.2 மிமீ பைப்பில் ஓட்டைதான் விழும். ஏசி டிக் (TIG) வெல்டிங் மெஷினும் பழகிய கையும் இருப்பவர்கள் செய்யும் வேலை அது. நீங்கள் பாப் ரிவெட் கன் வாங்குங்கள், ஓட்டையில் ரிவெட் ஆணியைச் செருகி இழுத்து இறுக்கும் கைக்கருவி அது. 4 மிமீ ரிவெட்டுக்கு 4.1 மிமீ ஓட்டை. சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) குறி வைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்து, உலோகத்துக்கான சாதாரண எச்எஸ்எஸ் டிரில் பிட்டில் போடுங்கள். அலுமினியத்துக்கு ஹேண்ட் டிரில்லின் முழு வேகம் பரவாயில்லை, ஆனால் பிட் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள், அங்கேதான் கவ்வி இழுக்கும்.

மாடிப்பட்டறை:
ரொம்ப நன்றி. அப்படியானால் மைட்டர் சா எப்போது தேவைப்படும்? பிறகு ஜன்னல் கொசுவலை ஃபிரேம் எட்டு செய்யும் எண்ணமும் இருக்கிறது.

அரம்பிடித்தவன்:
எட்டு ஃபிரேம் என்றால் 64 வெட்டு முனை, எல்லாம் 45 டிகிரி, கையால் அறுத்தால் மூலையில் இடைவெளி தெரியும். அப்போது வாங்கலாம். கூட வரும் மர பிளேடை விட்டுவிட்டு, 10 இன்ச்சில் 100 அல்லது 120 பல் உள்ள, அலுமினியத்துக்கென்றே விற்கும் கார்பைடு பிளேடாகப் பாருங்கள். பைப்பைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள். துண்டுகள் சுடச்சுடத் தெறிக்கும்.

நட்டுபோல்ட்:
கடற்கரை ஊராக இருந்தால் இரும்பு ஸ்க்ரூ போடாதீர்கள். உப்புக்காற்றில் இரண்டும் ஒட்டும் இடத்தில் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அலுமினிய ரிவெட்டே போடுங்கள்.