ஒன்பதாவது கேள்வியை யார் பார்ப்பாங்க?

*தம்பி, மாலை 7:10*
வருமானம் குறைஞ்ச நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆன்லைன் மனநல ஆலோசனைத் திட்டம் எழுதறேன். வாரம் ஒரு வீடியோ கால், 45 நிமிஷம்னு போட்டிருக்கேன். சரியா சித்தி?

*சித்தி, 7:14*
வீடியோவை எடுத்துடு. நெட் வேகம் 500 கேபிபிஎஸ்னு வெச்சாலே போக வர சேர்த்து 45 நிமிஷத்துக்கு 340 எம்பி டேட்டா ஆகும். குரலுக்கு 24 கேபிபிஎஸ் போதும், கிட்டத்தட்ட 16 எம்பில முடிஞ்சிடும். ஹாஸ்டல் ரூம்ல முகத்தைக் காட்டிப் பேச யாருக்கும் தோதுப்படாது, நடந்துக்கிட்டே பேசலாம்.

*மாமா, 7:16*
குரல்னாலும் நடுவுல கட் ஆகும். கட் ஆனா உதவியாளர்தான் சாதாரண போன்ல திரும்பக் கூப்பிடணும்னு முதல் நாளே சொல்லி வைங்க. அழுதுட்டிருக்கும்போது லைன் போனா, "நம்ம பேச்சு பிடிக்காம வெச்சிட்டாங்க"ன்னுதான் அந்தப் பிள்ளைக்குத் தோணும்.

*அக்கா, 7:21*
டேய், உலக சுகாதார நிறுவனத்தோட 'ஸ்டெப் பை ஸ்டெப்' பாரு. 5 பகுதி, போன்லயே படிச்சுச் செய்யறது. மனநல மருத்துவரா இல்லாத, பயிற்சி எடுத்த உதவியாளர் வாரம் சுமார் 15 நிமிஷம் பேசுவார். லெபனான்ல சிரியா அகதிகள்கிட்டயும் லெபனான்காரங்ககிட்டயும் சோதிச்சாங்க, மனச்சோர்வு குறைஞ்சுது.

*தம்பி, 7:23*
அந்த 15 நிமிஷத்தையும் விட்டுட்டு ஆப் மட்டும் கொடுத்தா செலவு மிச்சம்தானே அக்கா?

*அக்கா, 7:27*
செலவு குறையும், ஆளும் குறைஞ்சுடும். கூட ஆள் இல்லாத ஆப்பை நிறைய பேர் ஆரம்பத்துலயே விட்டுடுவாங்க. எதையுமே தொடங்க விடாத நோய்டா இது. "செவ்வாய் 6 மணிக்குக் கூப்பிடறேன்"னு ஒருத்தர் சொன்னாதான் அந்தப் பகுதியைத் திறக்கவே கை போகும். அந்த 15 நிமிஷத்துல அறிவுரை சொல்ல வேண்டாம். "இனி ஒழுங்கா படி"ன்னா நடக்காது. "நாளைக்கு 4 மணிக்கு மேஜைல உட்கார்ந்து ஒரு பக்கம்"னு முடிவு பண்ணி, அடுத்த வாரம் நடந்துதான்னு கேட்டா போதும். நடக்கலைன்னா அரைப் பக்கம் ஆக்கு.

*மாமா, 7:35*
மனச்சோர்வு அளக்க எந்தக் கேள்வித்தாள்?

*தம்பி, 7:36*
பிஹெச்கியூ-9 மாமா. ஆப்லயே, 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

*மாமா, 7:44*
இங்கதான் எனக்குப் பயம். 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10க்கு மேல வந்தவங்களை மட்டும் கூப்பிடறதுன்னு வெச்சிருப்ப. கடைசிக் கேள்வி சாவு, தன்னைக் காயப்படுத்திக்கிறது பத்தினது. மொத்தமே 6 வந்த பிள்ளை அதுல 1 போட்டிருக்கலாம், உன் கணக்குல அது தப்பிச்சிடும். 9ஆவதுல 0 தவிர எது வந்தாலும் அன்னிக்கே ஒரு ஆள் பேசணும். சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு நிரப்பினதைத் திங்கள் காலைல திறந்து பார்க்கறதுக்கு, கேட்காமலே இருந்திருக்கலாம்.

*சித்தி, 7:49*
அண்ணா சொல்றது ரொம்ப முக்கியம். அப்படிப் பேசற கால் மூணு நிமிஷத்துல முடியாது. பாதுகாப்புத் திட்டம் போடணும்: எப்போ மோசமாகுதுன்னு தெரியற அறிகுறி, தனியா செய்யக்கூடியது, போய் உட்கார ஒரு இடமோ ஆளோ, உதவி கேட்கக்கூடியவங்க, மருத்துவ உதவி நம்பர், ஆபத்தான பொருளைக் கைக்கெட்டாம வைக்கிறது. நாம டைப் பண்ணி அனுப்பக் கூடாது, அவங்களே சொல்லி அவங்க கையால எழுதணும்.

அப்புறம், ஒவ்வொரு கால் ஆரம்பத்துலயும் கேளு: இப்போ எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவசரம்னா யாரைக் கூப்பிடலாம்? ரூம்மேட் இருந்தா ஆமா-இல்லைன்னு பதில் வர்ற கேள்வியா கேளு. "நோட்ஸ் அப்புறம் அனுப்பறேன்"னு மாணவர் சொன்னா பேச்சை நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கலாம். நினைவூட்டல் மெசேஜ்ல 'ஆலோசனை'ங்கிற வார்த்தையே வேண்டாம், போன் வேற யார் கையிலயாவது இருக்கும்.

*அக்கா, 7:53*
'மனச்சோர்வு'ங்கிற வார்த்தையும் அப்படித்தான், அதைப் பார்த்தே ஓடுவாங்க. ஜிம்பாப்வேல பயிற்சி எடுத்த பாட்டிகள் பெஞ்ச்ல உட்கார்ந்து ஆலோசனை சொல்ற 'நட்பு பெஞ்ச்' திட்டம் 'குஃபுங்கிசிசா'ன்னு ஷோனா வார்த்தைல பேசுது, அளவுக்கு மீறி யோசிக்கிறதுன்னு அர்த்தம். அந்தந்த ஊர் மாணவர் என்ன சொல்றாங்களோ அதையே போடு.

*தம்பி, 8:02*
சரி மாமா. கேள்வித்தாள் காலை 9 முதல் ராத்திரி 9 வரைதான் திறக்கும். பார்க்க சனி ஞாயிறும் ஆள் போடறேன்.

*மாமா, 8:04*
மூடியிருக்கிற பக்கத்துல அந்த நாட்டு உதவி எண் பெருசா தெரியணும். தொடங்கறதுக்கு முன்னாடி நீயே கூப்பிட்டுப் பாரு, ராத்திரியும் எடுக்கறாங்களான்னு.