ஜெனோமிக்ஸ் பிஎச்டி: டிசம்பர் கெடுவுக்குள்ள என்னென்ன தயார் பண்ணணும்?

காலாப்பட்டு_பையன்
எம்எஸ்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ரெண்டாம் வருஷம், சிஜிபிஏ 7.8. அமெரிக்காவுல ஜெனோமிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் பயாலஜி பிஎச்டிக்கு இந்த வருஷமே போடலாம்னு இருக்கேன். ஜிஆர்இ எழுதணுமா? மார்க்கை 4-க்கு மாத்திப் போடணுமா? புரொஃபசர்களுக்கு முன்கூட்டியே மெயில் போடணுமா? மனித ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கிற முறை) டேட்டா வச்சு சொந்தமா ஒரு புராஜெக்ட் காட்டலாம்னு பாத்தா, 8 ஜிபி லேப்டாப்புல ஸ்டார்ங்கிற சாஃப்ட்வேர் (ஆர்என்ஏ துண்டுகளை ஜெனோம்ல பொருத்துறது) பாதியிலயே நின்னுடுது. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் வேற காலி.

தேவனாம்பட்டினம்
ஸ்டார் நிக்கத்தான் செய்யும் தம்பி. மனித ஜெனோம் இண்டெக்ஸுக்கே கிட்டத்தட்ட 30 ஜிபி ரேம் வேணும். சால்மன்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாறுங்க. டிரான்ஸ்கிரிப்டோம் (ஜீன்கள்லேருந்து வர்ற ஆர்என்ஏ வரிசைகள்) மட்டும் வச்சு இண்டெக்ஸ் போட்டா 8 ஜிபி தாங்கும். தப்பாப் பொருந்தறதைத் தடுக்க முழு ஜெனோமையும் டெகாயா சேத்தா மறுபடி ரேம் பத்தாது.

அதுக்கப்புறம் சால்மன் முடிவை உள்ள ஏத்த டிஎக்ஸ்இம்போர்ட், ரெண்டு குரூப்புக்கு நடுவுல எந்த ஜீன் மாறுதுன்னு பாக்க டிஇசீக்2. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. டிஇசீக்2-க்கு வேண்டியது எத்தனை ரீட் (படிச்ச ஆர்என்ஏ துண்டு)ங்கிற எண்ணிக்கை. டிபிஎம்மை (பத்து லட்சத்துக்கு எத்தனைன்னு மாத்தின அளவு) முழு எண்ணாக்கிக் கொடுத்தாலும் எரர் இல்லாம ஓடும், அழகா வால்கேனோ பிளாட்டும் (மாறுன ஜீன்களைக் காட்டுற படம்) வரும், ஆனா அத்தனையும் குப்பை. ஒரு ஜீனுக்கு 10 ரீடா 10,000 ரீடாங்கிறதை வச்சுத்தான் அது ஏற்ற இறக்கத்தையே கணக்குப் போடுது. டிபிஎம்ல அந்தத் தகவல் போயிடுது.

டிரான்ஸ்கிரிப்ட் ஃபாஸ்டாவும் (வரிசை ஃபைல்) ஜிடிஎஃப்பும் (எந்த ஜீன் எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல்) என்செம்பிள்ங்கிற ஜெனோம் தளத்தோட ஒரே ரிலீஸா இருக்கணும். ஐடி கடைசியில புள்ளி போட்டு வர்ற வெர்ஷன் எண் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லேன்னா எதுவும் பொருந்தாது.

டேட்டாவை எடுக்கறதுக்கு முன்னாடியே ஜியோ (பொது டேட்டா களஞ்சியம்) பக்கத்துல சாம்பிள் விவரத்தைப் படிச்சிடுங்க. நோயாளி சாம்பிள் எல்லாம் ஒரு பேட்ச் (ஒண்ணா சேத்து ஓட்டின தொகுதி), கன்ட்ரோல் எல்லாம் இன்னொரு பேட்ச்னா அதைத் தொடாதீங்க. எந்த கரெக்‌ஷனாலயும் நோயால வந்த மாற்றத்தையும் பேட்சால வந்த மாற்றத்தையும் பிரிக்க முடியாது, இன்டர்வியூல முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

நெல்லித்தோப்பு
ஜிஆர்இயைப் பெரும்பாலான உயிரியல் பிஎச்டி புரோகிராம்கள் இப்ப கேக்கறதில்ல. ஒவ்வொண்ணோட பக்கத்துலயும் ஒரு தடவை பாத்துக்குங்க. மார்க்கை மாத்தாதீங்க, 10-க்கு 7.8னே போடுங்க.

பல இடத்துல கெடு டிசம்பர் 1-ஐ ஒட்டி வரும். சிபாரிசுக் கடிதம் மூணு. ஹெச்ஓடிங்கிற பதவிக்காக வாங்குற கடிதத்தை விட, உங்க கம்ப்யூட்டர் கோடைத் திறந்து பாத்த கைடு எழுதுறது எடை கூட. ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் அவங்களுக்குத் தனித்தனியா லிங்க் அனுப்பும், பாதி ஸ்பாம்ல போய் விழும். ஜிமெயில் வேணாம், காலேஜ் மெயில் ஐடியையே கொடுங்க. நவம்பர் நடுவுல ஒரு தடவை நேர்ல போய் ஞாபகப்படுத்துங்க.

எஸ்ஓபில (ஏன் படிக்கணும்னு எழுதுற நோக்கக் கட்டுரை) "சின்ன வயசுலேருந்தே டிஎன்ஏ மேல ஆர்வம்"னு ஆரம்பிச்சா அந்தப் பத்தி வேஸ்ட். எந்த டேட்டா, என்ன முடிவு எடுத்தீங்க, ஏன், எது ஒத்துவரலன்னு எழுதுங்க.

புரொஃபசர்களுக்கு மெயில் தேவையில்ல. அங்க கமிட்டிதான் சேக்குது; முதல் வருஷம் ரெண்டு மூணு லேப்ல ரொட்டேஷன் (மாறி மாறிக் கொஞ்ச நாள் வேலை) முடிச்ச பிறகுதான் கைடு.

தேவனாம்பட்டினம்
தேவையே இல்லன்னு சொல்ல மாட்டேன். எஸ்ஓபில பேர் போடப்போற ஆள் அடுத்த வருஷம் மாணவர் எடுக்கிறாரான்னு நாலு வரில கேக்கலாம். ஐரோப்பாவுல பல இடத்துல நேரா லேபுக்குத்தான் போடணும், அங்க மெயில் இல்லாம வேலை ஆகாது.

வில்லியனூர்வாசி
சர்நேம் விஷயத்தை முதல்ல முடிங்க. பாஸ்போர்ட்ல ஒரே பேர்தான்னா அமெரிக்க விசாவுல அது சர்நேம் ஆயிடும், கிவன் நேம் இடத்துல "எஃப்என்யு" (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்)ன்னு விழும். அப்புறம் பேங்க், சம்பளம்னு எல்லாத்துலயும் அதே வரும். இனிஷியலை விரிச்சு சர்நேமாப் போட்டு ரீ-இஷ்யூ வாங்கிட்டு, அதே பேர்ல டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) புக் பண்ணுங்க. முதல்ல டோஃபல் எழுதிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டை மாத்தினா ஸ்கோர்ல பேர் இடிக்கும்.

இங்கயும் ஒரு கால் வச்சிருங்க. டிசம்பர்ல ஜேஜிஈபில்ஸ், பிப்ரவரில கேட், கூடவே சிஎஸ்ஐஆர் நெட்னு இங்க பிஎச்டிக்குத் தேர்வுகள் இருக்கு. தரமணி ஐஎம்எஸ்சிலயே (கணித அறிவியல் நிறுவனம்) கம்ப்யூட்டேஷனல் பயாலஜி பிஎச்டி இருக்கு. ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்சா மாசம் 37,000 ரூபாய், ஹெச்ஆர்ஏ தனி.

காலாப்பட்டு_பையன்
நன்றிண்ணா. சால்மன் ஓடுது. ரீ-இஷ்யூவுக்கு அப்பா பேரை முழுசாப் போட்டா சர்டிஃபிகேட்ல இனிஷியல் மட்டும் இருக்கே, பிரச்சினை வருமா?

வில்லியனூர்வாசி
அப்ளிகேஷன்ல "வேறு பெயர்கள்"னு ஒரு கட்டம் இருக்கும். சர்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரியே அதுல போட்டுடுங்க.