கைப்பிடியில் தொங்கிய அட்டை: செக் மொழியில் வீட்டு வேலைச் சொற்கள் கற்ற அனுபவம்

ப்ர்னோவிலிருந்து:

நாங்கள் செக் நாட்டின் ப்ர்னோ நகருக்குக் குடிவந்த இரண்டாவது மாதம். காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்குகிறது. அதில் 'ஊக்லித்' என்று ஒரே ஒரு சொல். யாரோ தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, எடுத்து மாடிப்படி ஜன்னலில் வைத்துவிட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா அதே அட்டையோடு வந்து மணி அடித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்த வாரம் மாடிப்படியைச் சுத்தம் செய்வது எங்கள் முறையாம். முடித்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்ட வேண்டும்.

'செய்துவிடுகிறேன்' என்று சொல்ல நினைத்து 'உக்லித்னீம்' என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உக்லிதீம்' என்று மெதுவாகத் திருத்தினார். 'உக்லிதித்' என்றால் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துவது. 'உக்லித்னித்' என்றால் பதற்றத்தில் இருக்கும் ஆளை அமைதிப்படுத்துவது. 'க்லித்' என்பது அமைதி. அங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை சட்டப்படி 'நொச்னீ க்லித்', அதாவது இரவு அமைதி நேரம். பத்து மணிக்கு முன் ஊக்லித், பத்துக்குப் பின் க்லித் என்று மனத்தில் பதித்துக்கொண்டேன். அதற்கப்புறம் குழப்பம் வரவில்லை.

அந்த வாரம் அவரும் கூடவே படியில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். துடைப்பம் 'கொஷ்த்யெ'. குப்பை அள்ளும் முறம் 'லொபத்கா'. துடைக்கிற துணி 'ஹத்ர்'. வாளிக்குப் புத்தகச் சொல் 'க்பெலீக்', ஆனால் பேச்சில் 'கீப்ல்'.

பெயர்ச்சொற்கள் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. வினைச்சொற்கள்தான் ஆறு மாதம் எடுத்தன. அதற்குக் காரணம் நான் ஆங்கிலம் வழியாகப் படித்ததுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலத்தில் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஒரே சொல். செக்கில் பாத்திரத்துக்கு 'மீத்', துணிக்கு 'ப்ராத்'. நாம் என்ன சொல்கிறோம்? பாத்திரம் கழுவுகிறோம், துணி துவைக்கிறோம். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் இந்த இடத்தில் நின்றிருக்கவே வேண்டாம். 'ப்ராத்' பிடிபட்டதும் துவைக்கிற துணிமணி 'ப்ராத்லோ', வாஷிங் மெஷின் 'ப்ரச்கா' எல்லாம் தானாக வந்தன.

இன்னொன்று இதைவிடப் பெரியது. செக் வினைகள் பெரும்பாலும் இரட்டையாக வரும்: வேலை நடந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, முடிந்ததற்கு ஒன்று. 'உக்லீஸெலா ஸெம்' என்றால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். 'உக்லிதிலா ஸெம்' என்றால் செய்துவிட்டேன். வகுப்பில் ஆசிரியை இதற்குப் பலகை நிறையக் கோடு போட்டு விளக்கினார். எனக்கு ஏறவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, இது நம் 'விடு' இல்லையா என்று தோன்றியது. 'உமீத்' கழுவிவிடுவது. 'விப்ரத்' துவைத்துவிடுவது. 'ஸமேஸ்த்' பெருக்கிவிடுவது. அன்றே ஒவ்வொரு இணையையும் தாளில் எழுதி, அடியில் தமிழில் '-கொண்டிருந்தேன்', '-விட்டேன்' என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முடிந்ததைச் சொல்லும் வினையை நிகழ்கால விகுதியோடு சொன்னால் எதிர்காலம் ஆகிவிடும். 'உக்லிதீம்' என்று அந்த அம்மா திருத்தியது 'செய்துவிடுவேன்' என்பதைத்தான். எல்லா இடத்திலும் 'விடு' பொருந்தாது. ஆனால் வீட்டு வேலை வரைக்கும் எனக்கு அது கைகொடுத்தது.

தமிழ் உதவாத இடம் துடைப்பது. நமக்கு மேசையும் துடைப்பதுதான், தரையும் துடைப்பதுதான். அங்கே மேசைக்கும் தூசிக்கும் 'உத்ர்ஷீத்', தரைக்கு 'வித்ர்ஷீத்'. நடுவில் வரும் அந்த 'ர்ஷ்' ஒலி நம் நாக்குக்குப் புதிது. நான் தினமும் தரை துடைக்கும்போது சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.

ப்ராக்கிலிருந்து:

அக்கா, 'விடு' கணக்கை நானும் எழுதி வைத்துக்கொண்டேன். நான் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். முதல் நாளே 'விலுக்ஸொவத்' என்றார்கள், அகராதியில் தேடினால் 'விஸாவத்' என்று வேறு சொல் இருந்தது. இரண்டும் வாக்குவம் கிளீனர் போடுவதுதான். எலக்ட்ரோலக்ஸ் என்ற பெயரிலிருந்து அந்த இயந்திரத்துக்கே 'லுக்ஸ்' என்று பேச்சுவழக்கில் பெயர் வந்துவிட்டது. வேலையிடத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரே சொல்: 'நெமீஹத்', கலக்காதே. குழாயில் படியும் உப்புக்கறையை 'வொத்னீ காமென்', அதாவது தண்ணீர்க் கல் என்பார்கள். அதற்கு வினிகர், 'ஒட்ஸெத்', நன்றாக வேலை செய்யும். கிருமி நீக்க 'ஸாவொ' என்ற குளோரின் திரவம் வீட்டுக்கு வீடு இருக்கும். நான் தரையில் ஸாவொ ஊற்றிவிட்டு, அதன்மேலேயே வினிகரை எடுத்துப் போனேன். கூட வேலை செய்த பெண்மணி ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பாட்டிலிலேயே 'நெபொஉஷீவெய்தெ ஸ்பொலெச்னியெ', சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தது. எனக்கு அன்று படிக்கத் தெரியவில்லை. மற்ற சொற்கள் மெதுவாக வரட்டும், லேபிளில் இருப்பதை முதல் வாரமே படித்துக்கொள்ளுங்கள்.

ஒலொமொஉட்ஸிலிருந்து:

என் அனுபவம் வாசலிலேயே தொடங்கியது. இங்கேயும் நம்மைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரு நண்பர் வீட்டில் அவர் அம்மா 'நெஸொஉவெய்தெ ஸெ', கழற்ற வேண்டாம் என்றார். நான் அப்படியே உள்ளே போய்விட்டேன். அது உபசாரத்துக்குச் சொல்வது, கழற்றத்தான் வேண்டும் என்று நண்பர் அப்புறம் சொன்னார். நம் வீட்டில் 'பரவாயில்லை, வாங்க' என்பது போலத்தான். அடுத்த தடவை கழற்றினேன், அவரே வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பெயர் 'பச்கொரி'.

ஒரு சந்தேகம். வீட்டுக்காரரிடம் ஒட்டடை அடிக்க நீளக் கம்பு கேட்க வேண்டும். ஒட்டடைக்கு என்ன சொல்?

ப்ர்னோவிலிருந்து:

தம்பி, ஒட்டடை 'பவுச்சினா'. சிலந்தி 'பவொஉக்', அதிலிருந்து வந்தது. ஒட்டடை அடிப்பது 'ஒமெதத் பவுச்சினி'. கம்புக்குத் தனிச் சொல் தேட வேண்டாம், 'த்லொஉஹே கொஷ்த்யெ', நீளத் துடைப்பம் என்று கேளுங்கள், கொடுத்துவிடுவார்.