காசு போட்டு வாங்கின கேம் இலவசமானா பழைய அக்கவுண்டுக்கு என்ன மிஞ்சும்?

நள்ளிரவு_லாபி

நாங்க அஞ்சு பேர். மூணு பேர்கிட்ட பழைய ஸ்டீம் (கணினி கேம் கடை) அக்கவுண்ட் இருக்கு. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் (குளோபல் ஆஃபென்சிவ்), ராக்கெட் லீக், பப்ஜி மூணையும் காசு கொடுத்து வாங்கின காலத்துலேர்ந்து அதுல கிடக்கு. ரொம்ப நாளா யாரும் திறக்கல. மீதி ரெண்டு பேர் இப்பதான் புது அக்கவுண்ட் போடப்போறாங்க. மூணு கேமும் இப்ப இலவசம்ங்கிறது தெரியும். தெரிய வேண்டியது இதுதான்:

பழைய மூணு பேருக்கு காசு கொடுத்ததுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கா, அதை எங்க போய் பார்க்கிறது? புது ரெண்டு பேர் எந்த இடத்துல மாட்டிக்குவாங்க? அஞ்சு பேரும் ஒண்ணா ரேங்க் ஆட, குறைஞ்சபட்சம் எதுக்குக் காசு போட்டா போதும்? "எல்லாம் குப்பையாயிடுச்சு, விட்டுடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது நிறைய கேட்டாச்சு.

பூஸ்ட்_பொட்டி

ராக்கெட் லீக்ல ஆரம்பிக்கிறேன். அவசரப்பட்டா கெடுத்துக்க வாய்ப்பு அதிகம் இருக்கிறது அதுலதான்.

2020 செப்டம்பர் 23-ல அது இலவசமாச்சு. அதோட ஸ்டீம் கடையில புதுசா எடுக்கிற வழியை மூடிட்டாங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு லைப்ரரியில அப்படியே இருக்கும், இன்னிக்கும் ஸ்டீம் வழியாவே இறக்கி ஆடலாம். புது ரெண்டு பேர் எபிக்ங்கிற இன்னொரு கடையோட லாஞ்சர்லதான் (கேமை இறக்கித் திறக்கிற மென்பொருள்) எடுக்கணும். ஆடுறது எல்லாரும் ஒரே சர்வர்ல, பார்ட்டியும் சேரலாம். அதுக்கு எல்லாருக்கும் எபிக் அக்கவுண்ட் வேணும், ஸ்டீம்ல ஆடுறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

சிக்கல் வர்ற இடமே அந்த இணைப்புதான். 2020 மே மாசம் எபிக் கடையில ஜிடிஏ 5 சும்மா கொடுத்தாங்களே, அப்ப ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு அக்கவுண்ட் திறந்து மறந்துபோனவங்க ஏராளம். இப்ப வேற மெயில்ல இன்னொண்ணு போட்டு ராக்கெட் லீக்கை அதோட கோத்துட்டா, ரெண்டு எபிக் அக்கவுண்ட் ஆயிடும், எதுல எது இருக்குன்னு புரியாம அலையணும். அதனால கேமைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை: பிரவுசர்ல எபிக் தளத்துக்குப் போய், உங்க எல்லா மெயிலையும் ஒவ்வொண்ணா போட்டு "பாஸ்வேர்டு மறந்துட்டேன்" கொடுத்துப் பாருங்க. எதுக்குப் பதில் மெயில் வருதோ அங்க ஒரு அக்கவுண்ட் இருக்கு. உள்ளே போனா இணைக்கப்பட்ட அக்கவுண்டுகள்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல ஸ்டீம் இடம் காலியா இருக்கான்னு பாருங்க. ஒரு எபிக் அக்கவுண்டுக்கு ஒரு ஸ்டீம் அக்கவுண்ட்தான். எதை நிரந்தரமா வெச்சுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு, அதுல இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுட்டு, அதுக்கப்புறம் கேமைத் திறங்க.

யாராவது பிளேஸ்டேஷன்லயும் ஆடியிருந்தா, முதன்மைத் தளம் எதுன்னு கேட்கும். கார், வீல் மாதிரி பொருளெல்லாம் எல்லா இடத்துக்கும் பொதுவாயிடும். போட்டி ரேங்கும் ராக்கெட் பாஸ் (ஆடி ஏறுற பரிசுப் படிகள்) நிலையும் நீங்க தேர்ந்தெடுத்த அந்த ஒரு தளத்துலேர்ந்துதான் வரும். அதிகமா ஆடின தளத்தைக் கொடுங்க.

மிஞ்சினது என்னன்னா, இலவசமாகுறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஆடியிருந்தா லெகசி (பழைய ஆட்டக்காரர்) நிலை. அதுல கிடைக்கிறது: அதுவரைக்கும் வந்த ராக்கெட் லீக் பெயரிலான டிஎல்சி (தனியா வித்த கூடுதல் தொகுப்பு) எல்லாம், முதல்முதலா ஆடின வருஷத்தைச் சொல்ற ஒரு பட்டம், கோல்டன் காஸ்மோஸ் பூஸ்ட், டியெச்சி வீல், பழைய சாதாரண பொருள் 200-க்கும் மேல லெகசி தரத்துல. விற்க நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 5-லேர்ந்து ஆட்டக்காரர்களுக்குள்ள பொருள் மாத்திக்கிற வசதியே கிடையாது. அந்த நாள் வரைக்கும் பெருமதிப்புள்ளதா நினைச்சுச் சேர்த்து வெச்ச சரக்கெல்லாம் இப்ப வெறும் அலங்காரம்.

புது ரெண்டு பேர் லெவல் 10 தொடுற வரைக்கும் ரேங்க் ஆட முடியாது. சாதாரண மேட்ச் ஆடினாலே ஏறிடும். ராக்கெட் லீக்ல காசு வேண்டியதே இல்ல.

ஈகோ_ரவுண்ட்

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல கதை வேற, அங்க காசு ரேங்க்லயே இருக்கு.

2018 டிசம்பர் 6-ல இலவசமாச்சு. அன்னிக்கு வரைக்கும் வாங்கி வெச்சிருந்த எல்லாருக்கும் பிரைம் (ரேங்க் ஆட்டத்தைத் திறக்கிற மேல்நிலை) தானா ஏறிடுச்சு. 2023 செப்டம்பர் 27-ல கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வந்து பழைய கேமோட இடத்துலயே உக்காந்துச்சு. பிரைமும் ஸ்கின்களும் (ஆயுதத்தோட அலங்காரத் தோற்றம்) அப்படியே கூட வந்துச்சு. உங்க மூணு பேரும் இன்வென்டரில (உங்க பொருள் பட்டியல்) லாயல்டி பேட்ஜ், அதாவது பழைய உரிமையாளர்ங்கிற அடையாளம், இருக்கான்னு பாருங்க. வாங்கின சான்று வேணும்னா, ஸ்டீம் அக்கவுண்ட் விவரங்கள் பக்கத்துல லைசென்ஸ் பட்டியலைத் திறந்தா தேதியோட கிடக்கும்.

புதுசா வர்றவங்களுக்கு ஆரம்பத்துல ஒரு வாசல் இருந்துச்சு: போன் நம்பர் கொடுத்து, லெவல் 21 வரைக்கும் ஆடினா பிரைம் சும்மாவே வரும். 2021 ஜூன்ல அதை அடைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் பிரைம் இல்லாத புது அக்கவுண்டுக்கு எக்ஸ்பியும் (லெவல் ஏத்துற புள்ளி) கிடையாது, டிராப்பும் (ஆடினா விழுற பொருள்) கிடையாது, ரேங்க்கும் கிடையாது. பிரைம் விலை 14.99 டாலர், நம்ம ஊர் கடையில ரூபாய்ல காட்டும். அஞ்சு பேரும் பிரீமியர்ங்கிற ரேங்க் ஆட்டம் ஆடணும்னா அந்த ரெண்டு பேருக்கும் பிரைம் வாங்கித்தான் ஆகணும். சுத்துவழி எதுவும் இல்ல. ஸ்டீம் குடும்பப் பகிர்வுல பிரைம் பகிர முடியாது.

வாசலை ஏன் அடைச்சாங்கன்னு புரிஞ்சா மத்த கேமோட நடவடிக்கையும் புரியும். காசுக்கு வித்தப்போ சீட் (ஏமாத்து மென்பொருள்) போட்டு பான் (தடை) வாங்கினா, திரும்ப வர கேமை மறுபடி வாங்கணும். விலைதான் அபராதம். இலவசமாக்கின மறுநொடி அந்த அபராதம் சைபர். லெவல் 21-ங்கிறது நேரம்தானே, பாட் (தானா ஆடுற நிரல்) ஓட்டி ஏத்தி அக்கவுண்டை மொத்தமா விக்க ஒரு கூட்டமே இருந்துச்சு. அதனால நுழைவுக் கட்டணத்தை எடுத்துட்டு, அதையே உள்ளே ரேங்க் கதவுல மாட்டி வெச்சாங்க. எனக்கு அது நியாயமாத்தான் படுது. பேர் மட்டும்தான் இலவசம்.

இன்னொண்ணு, புது ஆளுங்களுக்கு உங்க போன் நம்பரைக் கொடுத்து அக்கவுண்ட் திறந்து கொடுத்துடாதீங்க. ஒருத்தர் சீட் போட்டு வாக் பான் (கேமோட கம்பெனி வால்வ் சீட்டுக்குப் போடுற தடை) விழுந்தா, அந்த நேரத்துல அதே நம்பர்ல இருக்கிற எல்லா அக்கவுண்டுக்கும் சேர்த்து விழும். ஸ்கின் வெச்சிருக்கிற பழைய அக்கவுண்ட் தம்பி பண்ணின வேலையால போனா திரும்ப வராது.

பிங் (சர்வருக்குப் போய் வர ஆகுற தாமதம்) பத்தியும் சொல்லிடுறேன். சென்னையிலயும் மும்பையிலயும் வால்வ் சர்வர் இருக்கு. செட்டிங்ஸ்ல மேட்ச்மேக்கிங் பிங் உச்சவரம்பை 80 மாதிரி வெச்சுக்கிட்டா வெளிநாட்டு சர்வருக்குத் தூக்கிப் போடாது. ராத்திரி 2 மணிக்கு ஆள் கிடைக்கலைன்னா மட்டும் ஏத்துங்க.

சென்ட்ரி_சாமி

பப்ஜி சுருக்கமா: கணினி பப்ஜி 2022 ஜனவரி 12-ல இலவசம். முன்னாடி வாங்கினவங்களுக்கு பேட்டில்கிரவுண்ட்ஸ் பிளஸ் தானா கிடைச்சிருக்கும். புது ஆளுங்களுக்கு பிளஸ் 12.99 டாலர்னு வெச்சாங்க, அது இல்லாம ரேங்க் மேட்ச்சும் கஸ்டம் மேட்ச்சும் கிடையாது. சாதாரண மேட்ச் எல்லாருக்கும் திறந்திருக்கு. மொபைல் பப்ஜிக்கும் அதோட இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐக்கும் இதோட சம்பந்தமே இல்ல, அக்கவுண்டும் வேற.

புது ஸ்டீம் அக்கவுண்ட்ல ஒரு பொறி இருக்கு, அதை யாரும் சொல்லல. கடையில 5 டாலர் அளவுக்குச் செலவு பண்ணாத அக்கவுண்டை ஸ்டீம் "லிமிடெட்"னு வெச்சிருக்கும். அதுலேர்ந்து நண்பர் அழைப்பு அனுப்ப முடியாது, ஆட்டக்காரர்கள் பொருள் வாங்கி விக்கிற ஸ்டீம் சந்தைப் பக்கமும் போக முடியாது. இலவச கேம் எத்தனை எடுத்தாலும் கணக்குல வராது. பழைய மூணு பேர்தான் அவங்களுக்கு அழைப்பு அனுப்பணும், அவங்க ஏத்துக்கலாம். பிரைம் வாங்கினா அதோட லிமிடெட்டும் கழண்டுடும்.

டீம் ஃபோர்ட்ரெஸ் 2 பக்கமும் வந்தா நல்லா இருக்கும். 2011 ஜூன் 23-லேயே இலவசமாச்சு, அஞ்சு பேருக்கும் ஏத்தது. இலவச அக்கவுண்டுக்குப் பையில 50 இடம், பிரீமியத்துக்கு 300. 2020-ல பாட் தொல்லை தலைக்கு மேல போனப்போ இலவச அக்கவுண்டோட சாட்டை அதிகாரப்பூர்வ சர்வர்ல பூட்டினாங்க. மான் கோ ஸ்டோர்ல எவ்வளவு சின்னதா எதை வாங்கினாலும் பிரீமியம் ஆயிடலாம். ஸ்டீம் சந்தையில வாங்கினா செல்லாது, நிறைய பேர் அங்க பெட்டி திறக்கிற சாவி வாங்கிட்டு "பிரீமியம் ஆகலையே"ன்னு முழிக்கிறாங்க. கேமுக்குள்ள இருக்கிற கடையிலதான் வாங்கணும்.

நள்ளிரவு_லாபி

தெளிவா இருக்கு, நன்றி எல்லாருக்கும். ஆக புது ரெண்டு பேருக்கும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பிரைம் மட்டும் போட்டா லிமிடெட்டும் சரியாயிடும், பப்ஜி ரேங்கை விட்டுடலாம்.

இன்னொரு சந்தேகம். இப்ப காசுக்கு விக்கிற ஒரு கேம் இலவசமாகப் போகுதுன்னு தேதி அறிவிச்சா, அந்தத் தேதிக்குள்ள வாங்கி வெச்சுக்கிறது லாபமா?

வரிசை_எண்_40000

பெரும்பாலும் நஷ்டம்தான். அறிவிப்புல "பழைய உரிமையாளர்களுக்கு"ங்கிற பகுதியை மட்டும் நாலு தடவை படிங்க. யார் உரிமையாளர்ங்கிறதுக்கு வெட்டுத் தேதி இருக்கும், அது அறிவிப்பு வந்த நாளுக்கும் முந்தினதா இருக்கலாம். அப்படி இருந்தா, அறிவிப்பைப் பார்த்துட்டு ஓடிப்போய் வாங்கினவருக்கு ஒண்ணும் கிடைக்காது. அப்படி வாங்கிட்டீங்கன்னா ஸ்டீம்ல 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஓவர்வாட்ச்சை வெச்சுப் பாருங்க, எல்லாத் தப்பும் ஒரே இடத்துல கிடைக்கும். 2016-ல காசுக்கு வந்த கேம். 2022 அக்டோபர் 4-ல இரண்டாம் பாகம் இலவசமா வந்தப்போ பழைய சர்வரையே அணைச்சுட்டாங்க. ஆறுக்கு ஆறா இருந்த ஆட்டம் அஞ்சுக்கு அஞ்சாச்சு. திறக்காம வெச்சிருந்த லூட் பாக்ஸ் (உள்ளே என்னன்னு தெரியாத பரிசுப் பெட்டி) எல்லாத்தையும் தானா திறந்து பொருளா மாத்திட்டாங்க. புது ஹீரோ கிரிகோ இலவச வழியில வர்றவங்களுக்கு பேட்டில் பாஸ்ல (ஆடி ஏறுற பரிசுப் படிகள்) 55-ஆவது படியில. புது அக்கவுண்ட்னா பழைய ஹீரோக்கள் முழுசும் திறக்கவே ஏறக்குறைய 100 மேட்ச். அதுக்கும் மேல போன் நம்பர் கட்டாயம், ப்ரீபெய்ட் செல்லாதுன்னு வேற சொன்னாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் ப்ரீபெய்ட்தானே! ரகளையான பிறகு, 2021 ஜூன் 9-லேர்ந்து ஆடிக்கிட்டிருந்த அக்கவுண்டுகளுக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தை விட்டாங்க. ஹீரோவைப் பாஸ்ல பூட்டினதையும் 2024 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க. முதல் வாரம் உள்ளே நுழையவே வரிசை. என் பேர் அதுலேர்ந்து வந்ததுதான்.

டெஸ்டினி 2 இன்னும் மோசம். 2019 அக்டோபர் 1-ல அடிப்படை கேம் இலவசமாச்சு, அதே நாள் கணினிப் பதிப்பு பேட்டில்நெட்ங்கிற லாஞ்சர்லேர்ந்து ஸ்டீமுக்கு மாறிச்சு. 2020 நவம்பர் 10-ல ரெட் வார் கதையையே கேம்லேர்ந்து எடுத்துட்டாங்க. 2017-ல காசு கொடுத்து வாங்கினதே அந்தக் கதையைத்தான்.

அதனால தேதி அறிவிச்சா செய்ய வேண்டியது: இணைக்க வேண்டிய அக்கவுண்டை முந்தின வாரமே இணைச்சுடுங்க. கேமுக்குள்ள இருக்கிற நாணயம் என்னவா மாறுதுன்னு பார்த்து, மதிப்பு குறையும்னா அதுக்குள்ள செலவழிங்க. லெகசி பொருள் கிடைக்க ஒரு மேட்ச் ஆடினா போதும்னா அதை ஆடிடுங்க. வெறும் லைசென்ஸ் மட்டும் போதாதுன்னு பல இடத்துல விதி வெச்சிருக்காங்க. முதல் நாள் யாரும் உள்ளே போக முயற்சி பண்ணாதீங்க, வரிசையில காத்திருக்கிறதைத் தவிர அது வேற எதுக்கும் உதவாது.

ஈகோ_ரவுண்ட்

ஒண்ணு விட்டுப்போச்சு. புது ரெண்டு பேரும் பிரைம் வாங்கின கையோட கேஸ் (சாவி வாங்கித் திறக்கிற பரிசுப் பெட்டி) திறக்க ஆரம்பிப்பாங்க, அதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைக் காட்டிடுங்க. 2017-ல சீனாவில சட்டப்படி வெளியிட்ட விகிதத்துல கத்தி மாதிரி தங்க நிறப் பொருள் விழ வாய்ப்பு 0.26 சதவீதம், நீல நிறம் 79.92. சராசரியா ஒண்ணு விழ 385 கேஸ் திறக்கணும். சாவி ஒண்ணு 2.49 டாலர்னு போட்டா 950 டாலருக்கு மேல. அதுவும் சராசரிதான், 385-லயும் விழாம போகலாம். பிடிச்ச ஸ்கின் இருந்தா சந்தையில நேரா வாங்கிக்கச் சொல்லுங்க. போன்ல ஸ்டீம் கார்டு ஆப் போடாம இருந்தா பொருள் கைமாற 15 நாள் வரைக்கும் நிறுத்தி வைக்கும், அதனால ஆப்பை இன்னிக்கே போடச் சொல்லிடுங்க.

நள்ளிரவு_லாபி

பழைய மூணு பேர்ல ஒருத்தருக்கு எபிக்ல ரெண்டு மெயிலுக்கும் பதில் வந்துச்சு. ஒண்ணுல ஜிடிஏ, இன்னொண்ணுல ஏற்கெனவே ஸ்டீம் இணைஞ்சிருக்கு. எதை வெச்சுக்கணும்?

பூஸ்ட்_பொட்டி

ஸ்டீம் இணைஞ்சதை. ராக்கெட் லீக் பொருளெல்லாம் அதுலதான் இருக்கும், பிரிச்சு மாத்தப் பார்க்காதீங்க. ஜிடிஏ ஆடணும்போது மட்டும் லாஞ்சர்ல மத்த அக்கவுண்டுக்கு மாறி உள்ளே போகட்டும்.