ஹான்காக் நடித்தாரா, படித்தாரா?

வானொலிப்பித்தன்:
பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் வசனத்தைப் பார்த்து வாசித்தவர் என்றும், அவரை மகா நடிகர் என்பது வெறும் பழம்பெருமை என்றும் திரைநோக்கி என்பவர் ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1954 முதல் பிபிசி வானொலியிலும் 1956 முதல் தொலைக்காட்சியிலும் பிரிட்டனையே சிரிக்க வைத்த ஒருவரின் வாழ்க்கையை நடிகர் பார்த்துப் படிக்க வசனத்தைக் காட்டும் ஒரு டெலிபிராம்ப்டருக்குள் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

திரைநோக்கி:
நான் எழுதியதில் எது பொய் என்று ஐயா அவர்கள் சொல்லவில்லை. 1961 ஜூன் 23 அன்று ஒளிபரப்பான, அவர் இரத்ததானம் செய்யப் போகும் ‘தி பிளட் டோனர்’ என்ற தொலைக்காட்சித் தொடர்ப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். மருத்துவராக வரும் பேட்ரிக் கார்கில் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசுகிறார். ஹான்காக்கின் கண்களோ அவரைத் தாண்டி வேறெங்கோ மேய்கின்றன. வசனம் தெரிந்த நடிகருக்கு அங்கே என்ன வேலை?

வானொலிப்பித்தன்:
அந்தப் பதிவுக்குச் சில நாட்களுக்கு முன் அவர் கார் விபத்தில் சிக்கித் தலையில் அடிபட்டிருந்தார் என்பதையும், கண்ணைச் சுற்றிய கன்றலை ஒப்பனையால் மறைத்துக்கொண்டு வந்து நின்றார் என்பதையும் வசதியாக விட்டுவிட்டீர்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமில்லாததால்தான் பிராம்ப்டர் வந்தது. அதே தொடரில் ஒரு மாதம் முன்பு வந்த ‘தி பெட்சிட்டர்’ பகுதியில், வேறு ஒரு நடிகர்கூட இல்லாமல், வாடகை அறையில் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் நூலோடும் அகராதியோடும் மல்லுக்கட்டியபடி 25 நிமிடங்களைத் தனியாகத் தாங்கியவர் அவர். அதை எதைப் பார்த்து வாசித்தார்?

நடுவன்:
நடிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இருவருமே இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லையே.

திரைநோக்கி:
விபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காயம் ஆறிய பிறகும் பிராம்ப்டர் போகவில்லையே! 1963இல் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சியில் வந்த தொடரிலும் அதுதான் துணை. ஒரு வாரத்துக்குப் பிடித்த ஊன்றுகோலை ஆயுளுக்கும் வைத்துக்கொண்டவரை நான் வேறு எப்படி எழுதுவது?

அமுதவல்லி:
கண் எங்கே போனது என்று அடித்துக்கொள்ளும் இருவரும், அந்த வசனத்தை எழுதிய கைகளைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளாகச் சந்தித்து நண்பர்களான ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும்தான் ஹான்காக்கை உருவாக்கினார்கள். அவரோ முதலில் தன்னோடு நடித்த சிட் ஜேம்ஸைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கழற்றிவிட்டார். 1961இலேயே இவர்களையும் விட்டுப் பிரிந்தார். இவர்கள் மறு ஆண்டே ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்ற நகைச்சுவைத் தொடரை எழுதிப் புகழின் உச்சிக்குப் போனார்கள். ஹான்காக் எங்கே போனார்?

வானொலிப்பித்தன்:
அம்மணி, எழுதியவர்கள் உருவாக்கினார்கள் என்றால் அதே தாளை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாமே. ‘தி பிளட் டோனர்’ பகுதியில், விரல் நுனியில் சோதனைக்கு எடுத்த ஒரு துளியையே தானம் என்று நம்பி எழுந்து புறப்படுகிறவர், இனிமேல்தான் ஒரு பைன்ட் இரத்தம் எடுக்க வேண்டும் என்று கேட்டதும் முகம் தொங்கி நிற்கும் இடம் இருக்கிறதே, அந்த முகம் எந்தத் தாளிலும் எழுதப்பட்டதல்ல. சிட் ஜேம்ஸ் விவகாரத்தைத் தனியாகப் பேசுவோம். அவரும் பட்டினி கிடக்கவில்லை, ‘கேரி ஆன்’ படங்களில் கொடிகட்டிப் பறந்தார்.

மீண்டும் பிராம்ப்டருக்கு வருகிறேன். வானொலியில் அத்தனை ஆண்டுகளும் அத்தனை நடிகர்களும் கையில் தாளை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். அங்கே வாசித்தால் கலை, இங்கே வாசித்தால் குற்றமா? நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பற்றி முன்பு நடந்த விவாதத்திலும் திரைநோக்கி இப்படித்தான் ஒரே ஆணியில் எல்லாவற்றையும் மாட்டப் பார்த்தார். அன்று வாங்கிய அடி மறந்துவிட்டது போலும்.

திரைநோக்கி:
அன்று யார் அடி வாங்கினார்கள் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். வானொலியில் நடிகரின் கண் எங்கே போகிறது என்று தெரியாது, தொலைக்காட்சியில் தெரியும் என்ற வேற்றுமைகூடத் தங்கள் புனைபெயரைத் தாண்டி எட்டவில்லை.

அமுதவல்லி:
கொடிகட்டிப் பறந்ததால் கழற்றிவிட்டது நியாயமாகிவிடுமா? சிட் ஜேம்ஸோடு சேர்த்து இரட்டையர் என்ற பெயர் நிலைத்துவிடும் என்ற பயம்தானே காரணம்!

வானொலிப்பித்தன்:
பயமில்லை, வளர்ச்சி. தனியாக நிற்க முடியும் என்று ‘தி பெட்சிட்டர்’ காட்டிவிட்டது. 1968 ஜூனில், 44 வயதில், சிட்னியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட மனிதரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற அடக்கமாவது இங்கே இருக்க வேண்டாமா?

திரைநோக்கி:
இறப்பைக் கேடயமாக்காதீர்கள். கடைசியாக ஆஸ்திரேலியாவில் அவர் நடித்துவந்த தொடரில் மூன்று பகுதிகளுக்கு மேல் முடிக்க முடியாமல் போனதற்கும், தன் நினைவாற்றலை 1961இலேயே கைவிட்டதற்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

வானொலிப்பித்தன்:
காரணம் குடி, அதற்கும் பிராம்ப்டருக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ‘தி பெட்சிட்டர்’ முழுவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை உங்களுக்குப் பதில் எழுதுவதாக இல்லை.

திரைநோக்கி:
பார்த்தாயிற்று. அதில் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். நான் பேசுவது ‘தி பிளட் டோனர்’ பற்றி.

வானொலிப்பித்தன்:
விபத்து நடந்தது என்று எத்தனை முறை சொல்வது ஐயா?