தேய்ந்த சுறாப் பல்: மாக்கோவா, வேறா?

கேள்வி: ஃப்ளோரிடா வெனிஸ் கடற்கரையில் சலித்தெடுத்த கறுப்புப் பல். உயரம் 24 மி.மீ., விளிம்பு வழவழப்பு, வேரில் பாதி இல்லை. மாக்கோ (ரம்பம் இல்லாத, வழவழப்பான விளிம்புப் பல் கொண்ட சுறா) என்று எழுதி வைக்கலாமா?

பதில் 1: வழவழப்பை நம்பாதீர்கள். அலையில் உருளும் பல்லில் ரம்ப விளிம்புதான் சீக்கிரம் மழுங்கும். 10 மடங்கு லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, வேரை ஒட்டிய தோள்பகுதியைப் பாருங்கள். மிச்சம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து வேரின் உட்பக்கம் (வாய்க்குள் நோக்கிய பக்கம்): நடுவில் செங்குத்தான பள்ளம் தெரிந்தால் மாக்கோ இல்லை.

கேட்டவர்: பள்ளம் ஆழமாகவே இருக்கிறது. ஒரு தோளில் ஐந்தாறு பெரிய மேடுகள், நுனிப்பக்கம் ஒன்றுமில்லை.

பதில் 1: அப்படியானால் ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்ற அழிந்துபோன சுறாவின் மேல்தாடைப் பல். அதன் முரட்டு ரம்பம் நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிடும். புலிச்சுறா என்றால் ஒரு பக்கம் ஆழமான வெட்டு இருந்திருக்கும்.

பதில் 2: நிறத்தை வைத்து இனமோ வயதோ சொல்ல முடியாது, கறுப்பு, புதைந்த படிவின் கனிமங்களால் வந்தது. வினிகரில் ஊறவைக்காதீர்கள், பல்லின் பாஸ்பேட்டையே அரிக்கும். நல்ல தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வேரும் விளிம்பும் இரண்டுமே போன பல்லுக்கு இனப்பெயர் போடாமல், இடமும் தேதியும் மட்டும் எழுதுவதே நேர்மை.