பொதுப் பட்டறையில் வெல்டிங் வாயுவைப் பகிர்வது எப்படி?

வணக்கம். கோவையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பட்டறையில் இரண்டு மிக் (MIG, கம்பி தானாக வந்து உருகும் வகை) வெல்டிங் இயந்திரங்களும் ஒரு டிக் (TIG, உருகாத டங்ஸ்டன் முனை கொண்ட வகை) இயந்திரமும் இருக்கின்றன. பற்றவைக்கும் இடத்தைக் காற்று படாமல் காக்கும் வாயுவுக்கு ஆளுக்கொரு சிலிண்டர் வைத்திருப்பதால் இடமும் வாடகையும் வீணாகின்றன. இனி பொதுவாக வாங்கப் போகிறோம். மிக்குக்கு 80 சதவீத ஆர்கானும் 20 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, டிக்குக்குத் தூய ஆர்கான்.

செலவைப் பிரிப்பதில்தான் தடுமாறுகிறோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓட்டத்தில் 7 கன மீட்டர் சிலிண்டர் ஏறக்குறைய பத்து மணி நேரமே வரும். மாதம் முழுவதும் இரும்புக் கதவு செய்பவரும், உடைந்த நாற்காலிக் காலைப் பற்றவைக்க வருபவரும் சமமாகப் பணம் கொடுப்பது நியாயமே இல்லை. அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துவைக்கலாம் என்றால், இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது கணக்கு குழம்பும். செலவான கம்பியின் எடையை வைத்துப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் டிக் வேலைக்கு அது உதவாது. டிக் வேலைக்கு நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஆர்கானுக்கு மணமில்லை, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். அதனால் சிலிண்டர்களை வெளிச்சுவரோரம் நிழலில் சங்கிலியிட்டு நிறுத்தி, உள்ளே குழாய் இழுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சுமார் 12 மீட்டர் தூரத்துக்குச் செம்புக் குழாய் நல்லதா, ரப்பர் குழாய் போதுமா? ஒவ்வொரு மேசையிலும் தனி ஓட்டமானி வேண்டுமா?

இப்படி அமைத்தவர்கள் படமும் கணக்கேட்டின் மாதிரியும் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். கோவையில் இந்தக் குழாய் வேலை தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள்.